கலங்கல் வழியும் நாளில் வீட்டைவிட்டு எப்போது கிளம்புவது?

கேள்வி: முடிச்சூர் பக்கம், அடையாற்றிலிருந்து சற்றுத் தொலைவில், ஒரு தரைத்தள வீட்டை 2024-இல் வாங்கிக் குடியேறினோம். வர்ணம் அடிக்க வந்தவர், சுவரில் மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டைக் காட்டி, 2015 வெள்ளத்தின் அடையாளம் என்று சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். இங்கே நானும் 74 வயதான என் அம்மாவும், 11, 7 வயதுப் பிள்ளைகளும், ஒரு நாயும் இருக்கிறோம். அம்மா முழங்கால் வலியால் கைத்தடியுடன்தான் நடப்பார். தினமும் இரு வேளை இன்சுலின் போடுகிறோம். மழைக்காலம் தொடங்கினால் ‘அவசரகாலப் பை’ என்ற பட்டியல்கள் வாட்சப்பில் வந்து குவிகின்றன. காற்றடைக்கும் படகு, தண்ணீரை வடிகட்டும் குழல், லைஃப் ஜாக்கெட் என்று நீளும் அவற்றில் எதை வாங்குவது? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் கிளம்பினால் போதுமா? வீட்டைவிட்டு வரவே மாட்டேன் என்று சொல்லும் அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் உயிருக்கு ஆபத்தான ஒரு பிழை இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சங்கமத்துக்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கின்றன. உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம், படப்பை வட்டாரத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் (ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடும் இடம்) வழிந்து, ஓடைகள் வழியாக ஆற்றுக்கு வந்து, ஆறு கொள்ளாமல் இரு பக்கமும் பரவுவதால் வருவது. அந்த ஏரிகளுக்குத் தொலைக்காட்சியில் நேரலை கிடையாது. கலங்கலில் தண்ணீர் தானாக வழிவதால், ‘இத்தனை மணிக்குத் திறக்கப்படும்’ என்ற முன்னறிவிப்பும் இராது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்களைத் தாக்கியது. உங்கள் பகுதியோ அந்த ஆண்டு நவம்பர் நடுவிலேயே ஒரு முறை மூழ்கிவிட்டது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவானது, அவ்வளவு மழைக்கு எந்த ஏரியும் திறக்கப்படக் காத்திருக்கத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பகுதி தண்ணீரில் நின்றது.

ஆகவே செம்பரம்பாக்கத்துச் செய்திக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த நிலை வந்ததும் கிளம்புவது என்று உங்கள் வீட்டுக்கென்று ஓர் எல்லைக்கோட்டை இப்போதே, வெயில் அடிக்கும் நாளிலேயே, தீர்மானித்துத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் நிற எச்சரிக்கைகளில் ஆரஞ்சு என்பது ஏறத்தாழ 12 முதல் 20 செ.மீ. வரையிலான மழையையும், சிவப்பு என்பது அதற்கும் மேற்பட்ட மழையையும் குறிக்கும். பருவத்தின் தொடக்கத்தில், ஏரிகள் வறண்டு கிடக்கும்போது வரும் ஆரஞ்சு எச்சரிக்கையும், நவம்பர் கடைசியில் ஏரிகள் தளும்பும்போது வரும் ஆரஞ்சு எச்சரிக்கையும் ஒன்றல்ல. மேலே உள்ள ஏரிகள் நிரம்பிவிட்டனவா என்பதை மணிமங்கலம், ஆதனூர் பக்கத்திலிருந்து வரும் பால்காரரோ பள்ளி வேன் ஓட்டுநரோ உங்களுக்குச் சொல்லிவிடுவார். அப்படி ஒருவரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் வழிய ஆரம்பித்த பிறகு ஆரஞ்சோ சிவப்போ அறிவிக்கப்பட்டால், உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் சொல்லும் கோடு அதுதான்: அன்று மாலை 4 மணிக்குள் அம்மாவும் பிள்ளைகளும் மேடான பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் 6 மணிக்கு முன்பே இருட்டிவிடும். மழையில் ஆட்டோ கிடைக்காது. கிடைத்தாலும் உங்கள் தெருவுக்குள் வர மறுப்பார். மழை ஏமாற்றிவிட்டால் நான்கு பேரின் இரண்டு வேளைச் சாப்பாடுதான் உறவினருக்குச் செலவு. ஒரு பருவத்தில் மூன்று முறை வீணாகக் கிளம்பினாலும் அதை வீண் என்று கருதாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015-இல் எங்கள் படகுகளில் ஏற்றிய குடும்பங்களிடம் ‘ஏன் முன்பே வரவில்லை’ என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: சாயங்காலம் கணுக்கால் அளவுதான் இருந்தது, விடிந்ததும் போகலாம் என்று இருந்தோம். தண்ணீர் நள்ளிரவுக்கு மேல் ஏறியது. ஒரு வீட்டில், உங்கள் அம்மாவின் வயதிருக்கும் ஒரு பாட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். தண்ணீர் மேசையின் விளிம்பில் நின்றது. அவரை மாடிப்படி வழியாகத் தூக்கிப் போகலாம் என்றால், அந்தக் குடும்பத்தில் எவருக்கும் அவரை எப்படித் தூக்குவது என்று தெரிந்திருக்கவில்லை. படி அங்கே, பத்தடி தூரத்தில், இருந்தது.

அந்தக் கலையை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிவிடலாம். முதல் மாடியில் குடியிருப்பவரிடம், ‘வெள்ளம் வந்தால் அம்மாவை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரலாமா’ என்று இன்றே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கைப்பிடி இல்லாத, உறுதியான மர நாற்காலி ஒன்றில் அம்மாவை உட்காரவைத்து, ஒரு பழைய புடவையால் இடுப்போடு சேர்த்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் ஒடியும். மேலே ஏறும்போது நாற்காலியின் முதுகு படியின் மேல்பக்கம் இருக்க வேண்டும். பலசாலி மேலே நின்று முதுகுப் பக்கத்தைப் பிடிக்க, மற்றவர் கீழே நின்று முன்கால்களைப் பிடித்து, நாற்காலியைப் பின்னால் சாய்த்தவாறு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏற வேண்டும். அம்மாவின் முகம் கீழ்நோக்கி இருப்பதால் முதல் முறை அவருக்குப் பயமாக இருக்கும். அந்தப் பயத்தை ஒத்திகையிலேயே கழித்துவிடுவது நல்லது. எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். உங்களுக்கு இரண்டாவது ஆள் தேவை என்பதால், எதிர்வீட்டு இளைஞர் எவரையாவது அன்று கூப்பிட்டுப் பழக்கிவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம்; முழங்கால் அளவுத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இறப்பவர்களைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும், அது வாசற்படியைத் தாண்டும் முன்பாக, உலர்ந்த தரையில் உலர்ந்த கைகளோடு மெயின் சுவிட்சை அணையுங்கள். அதோடு முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால், மெயினை அணைத்ததை அது மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அதே சுவர்க் கம்பிகளுக்குள் அனுப்ப ஆரம்பித்துவிடும். இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்சையும் தனியாக அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தெரிந்துகொண்டு, பதினோரு வயதுப் பிள்ளைக்கும் காட்டிவையுங்கள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் தரையில் இருந்தால் அந்தச் சுவர்க் கோட்டுக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள். மெயின் பெட்டியை எட்டுவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால், சுவிட்சைத் தேடிப் போகாமல் மாடிக்கு ஏறிவிடுங்கள். தெருவில் கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீருக்குள் காலே வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவியுங்கள். சமையல் எரிவாயு உருளை, காலியோ அரைகுறையோ, தண்ணீரில் மிதந்து குழாயைப் பிடுங்கிவிடும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீருக்குள் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே ஓர் ஆளைத் தள்ளிவிடும். ஒன்றரை, இரண்டு அடி இருந்தால் சிறிய காரை மிதக்கவைத்து இழுத்துச் செல்லும். வேறு வழியின்றி நடக்க நேர்ந்தால் செருப்பைத் தவிர்த்து ஷூ போட்டுக்கொண்டு, கையில் நீண்ட கம்பு ஒன்றை வைத்து முன்னால் குத்திப் பார்த்து நடக்க வேண்டும். பாதாளச் சாக்கடையின் மூடி தண்ணீரின் அழுத்தத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுவதால், தெரிந்த தெருவும் தெரியாத கிணறாகிவிடும். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள், ஆழம் தெரியாமல், எந்த வாகனத்தையும் இறக்கவே கூடாது. 2021-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படி இறங்கிய காரில் சிக்கி ஒரு மருத்துவர் உயிரிழந்தார். கார் நின்றுபோனால் அதை மீண்டும் கிளப்பப் பார்க்காமல், கண்ணாடியை இறக்கி உடனே வெளியேறிவிட வேண்டும். கண்ணாடி இயங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். காற்றடைக்கும் படகு வேண்டாம். வெள்ளத்தில் முள்வேலி, உடைந்த கண்ணாடி, சுற்றுச்சுவர்க் கம்பி எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்; குளத்தில் விளையாடச் செய்த படகு அவற்றில் ஒன்றைத் தொட்டால் போதும். வடிகட்டும் குழலும் வேண்டாம்: அது கிருமிகளைத் தடுத்தாலும் தடுக்கலாம், ஆனால் பூச்சிக்கொல்லியும் பெட்ரோலும் பேட்டரி அமிலமும் கலந்த தண்ணீரை அது குடிநீராக்காது. நகர வெள்ளத்தில் அவை எல்லாம் கலந்திருக்கும். அந்தப் பணத்துக்கு 20 லிட்டர் கேன்கள் நாலைந்து நிரப்பி முதல் மாடியில் வைக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்று கணக்கு வைத்தால் ஐந்து நாள் தாங்கும். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குவதில் தவறில்லை. அவர்களின் எடைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, போட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது தலை வழியே கழன்று வராததை வாங்குங்கள். ஒரு விசில், இரண்டு டார்ச், ஒரு பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் சிறு வானொலி, பத்திரங்களையும் ஆதார், குடும்ப அட்டைகளையும் வைக்க நீர் புகாத உறை ஆகியவை பயனுள்ளவை. பலரும் விட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு, அதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன்: மூடியுள்ள ஒரு வாளியும் தடித்த பிளாஸ்டிக் பைகளும். சாக்கடை நிரம்பிவிட்டால் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே பொங்கும். மூன்று நாள் மாடியில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டைவிட இதற்குத்தான் அதிகம் தவித்ததாகச் சொல்வார்கள்.

இன்சுலின் குறித்து நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் அதுதான் முதல் பொருள். மின்சாரம் போய் ஃபிரிட்ஜ் அணைந்துவிட்டது என்பதற்காக மருந்து கெட்டுவிட்டதென்று தூக்கி எறிந்தவர்களையும், அதே பயத்தில் பனிக்கட்டிக்குள் புதைத்து உறையவைத்துக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்சுலின் உறைந்துபோனால், உருகிய பிறகும் பயன்படாது. பயன்பாட்டில் இருக்கும் குப்பியோ பேனாவோ, வெயில் படாமல், 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் இருந்தால், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை தாங்கும். அம்மாவுடைய வகைக்கு எத்தனை நாள் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் மண்பானையைச் சுற்றி ஈரத்துணி சுற்றி அதற்குள் வைக்கும் நம் வழக்கம் நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் பானை அவ்வளவாகக் குளிர்விக்காது. அந்த நாட்களின் வெப்பமே குறைவு என்பதால் அதுவும் பெரிய குறையாகாது. இரண்டு வாரத்துக்கான இன்சுலின், ஊசிகள், சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, அதற்கான ஸ்ட்ரிப்புகள், மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கட்டும். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காத நாளில் வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை அபாயமாகக் குறையக்கூடும். அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு போடுவது என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் உடனே கொடுக்க குளுக்கோஸோ சர்க்கரையோ அதே டப்பாவில் வையுங்கள்; மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கோடு தாண்டிப்போய், கிளம்ப முடியாமல் மாடியில் சிக்கிக்கொண்டால், உதவிக்கு அழைக்கும் எண்கள் 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. பேசும்போது அழுகையை அடக்கிக்கொண்டு முதல் மூச்சில் சொல்ல வேண்டியவை: கதவு எண், தெரு, பக்கத்தில் உயரமாகத் தெரியும் ஒரு கட்டடம், எத்தனை பேர், அவர்களில் நடக்க முடியாதவர் யார், தண்ணீர் எவ்வளவு உயரம். எங்களுக்கு 2015-இல் மிகவும் நேரம் தின்ற விஷயம் முகவரிதான். தெருப் பெயர்ப் பலகைகள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. வாசலில் எழுதியிருந்த கதவு எண்ணும் அப்படியே. உங்கள் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் முதல் மாடிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கும்படி வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். கைபேசி அழைப்பு போகாதபோதும் சில சமயம் குறுஞ்செய்தி போய்ச் சேரும். உள்ளூர் இணைப்புகள் திணறும்போது எல்லோரும் எல்லோரையும் அழைப்பதால் இன்னும் திணறும். ஆகவே மழை இல்லாத வெளியூரில், திருச்சியிலோ மதுரையிலோ, ஓர் உறவினரைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் அவருக்கு மட்டும் தகவல் சொல்வது, கத்தாரில் இருக்கும் உங்கள் கணவரும் அவரிடமே கேட்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாடியில் எவராவது ஜெனரேட்டர் ஓட்டினால் அது திறந்த வெளியில் இருக்கட்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மூடிய அறையில் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்கள்.

வீடு திரும்பும்போது எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை எந்த சுவிட்சையும் போடாதீர்கள். அலமாரி, மெத்தை, செருப்பு ஆகியவற்றுக்குள் கை விடுவதற்கு முன் கம்பால் தட்டிப் பாருங்கள். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் என்பதால் பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமில்லை. சேற்றுத் தண்ணீரில் நடந்தவர் எவருக்காவது சில நாட்களில் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் அம்மாவின் காலில் சிறு கீறல் இருந்தாலும் அதைத் தினமும் பாருங்கள், சர்க்கரை நோயாளியின் கால் வலியைச் சொல்லாது.

கடைசியாக, அம்மா வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மழை கொட்டும் மாலையில் அவரோடு வாதாடிப் பயனில்லை. வயதானவர்கள் பெரும்பாலும் வெள்ளத்துக்குப் பயப்படாதவர்கள் என்பதால் மறுப்பதில்லை; அடுத்த வீட்டில் பாரமாக இருக்க வேண்டுமே, இரவில் கழிப்பறைக்குப் போக யாரையாவது எழுப்ப வேண்டுமே என்ற கூச்சத்தால் மறுக்கிறார்கள். ஆகவே ஐப்பசி பிறந்ததும், வெயில் இருக்கும் ஒரு நாளில், அந்த உறவினர் வீட்டுக்கு அவரை விருந்துக்குப் போவதுபோல் அழைத்துப்போய் ஓர் இரவு தங்கவைத்துக் கொண்டுவாருங்கள். கட்டில் எங்கே, கழிப்பறை எத்தனை அடி, கைப்பிடி இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய சாமி படத்தில் சிறியதாக ஒன்றை, கிளம்பும்போது எடுத்துப்போகும் பையில் அவரே எடுத்து வைக்கட்டும்.

நாயை எந்தக் காரணத்துக்காகவும் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். சங்கிலியோடு மூழ்கிய நாய்களை நாங்கள் நிறையவே பார்த்துவிட்டோம். நிவாரண முகாம்களில் நாயைச் சேர்ப்பது அரிது என்பதால், உறவினர் அதை ஏற்றுக்கொள்வாரா என்பதையும் அந்த விருந்தின்போதே கேட்டுவிடுங்கள். ஏற்க மாட்டார் என்றால், மேட்டுப் பகுதியில் நாய் வளர்க்கும் வேறு வீடு ஒன்றைத் தேட உங்களுக்கு ஐப்பசி முழுவதும் நேரம் இருக்கிறது.